பூசம் நாலாம் பாதம்: 'ட'வில் பெயர் கேட்டால் எங்கே போவது?

ஈரோட்டுக்காரி:
பையன் பிறந்ததும் ஜாதகம் எழுதக் கொடுத்தோம். பூசம், நாலாம் பாதம், 'ட'வில் பெயர் வையுங்கள் என்றார் ஜோசியர். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட என்று பாதத்துக்கு ஓர் எழுத்து. 'ஹே' வந்திருந்தால் ஹேமந்த் என்று ஒப்பேற்றியிருக்கலாம். 'ட'வில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பது தொல்காப்பியக் காலத்திலேயே முடிந்த கதை. இணையத்தில் 'ட' பட்டியல் என்று தேடினால் தர்ஷன், தீரஜ் எல்லாம் வருகின்றன. ஆங்கிலத்தில் 'டி' போட்டு எழுதுகிறோமே, அந்தக் கணக்காம்!

இது ஒரு பக்கம். தலைப்பேரனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மாமனார் பெயர் பழனிசாமி. அதற்கு முதல் ஆட்சேபணை மாமியாரிடமிருந்தே வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. கோயிலுக்குப் போனாலும் "நம்ம மலைக்காரன்" என்றுதான் முருகனைக் கும்பிடுவார். "சோறு உண்ணாம ஓடுனா நான் என்ன பேரைச் சொல்லித் திட்டறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கடைசியில் தட்டில் பச்சரிசி பரப்பி மாமனாரே மஞ்சள் கிழங்கால் 'மகிழன்' என்று எழுதினார். நாத்தனார் சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தொட்டு வைத்துவிட்டு, காதில் மகிழன், பழனிசாமி இரண்டையும் மூன்று மூன்று முறை சொன்னார். 'ட'வை விட்டுவிட்டோம். ஜோசியருக்குச் சொல்லவில்லை.

உங்கள் வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள்?

தாமிரபரணி:
எங்கள் பக்கம் எழுத்தெல்லாம் அப்புறம். குலதெய்வத்தின் பெயர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். என் வகுப்பில் மூன்று இசக்கி, இரண்டு சுடலை. வாத்தியார் கூப்பிட்டால் எல்லோரும் எழுந்து நிற்போம். இப்போதெல்லாம் சான்றிதழில் ஒரு பெயர், மொட்டை போட்டுக் காது குத்தும்போது சாமி பெயர் என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள்.

என் ஆச்சி பெயர் பிச்சம்மாள். மூத்தது இரண்டும் தங்கவில்லையாம். அதனால் இவள் பிறந்ததும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, ஒரு படி தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள். பிச்சையாக வந்த பிள்ளை என்றால் எமன் சீண்டமாட்டான் என்று நம்பிக்கை. தொண்ணூறைத் தாண்டி இருந்தாள். சின்ன வயதில் அந்தப் பெயரைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். கதை தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பாலைவனத்தான்:
எல்லோரும் எழுத்தைப் பார்க்கிறீர்கள், பாஸ்போர்ட்டையும் கொஞ்சம் பாருங்கள். நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான் இருக்கிறது. என் மகளுக்குப் பெயர் வைக்க அவர் துபாய் வருவதாக ஏற்பாடு. 2022 நவம்பரில் பார்த்து, ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அமீரகத்தில் அறிவித்துவிட்டார்கள். சில நாளில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று விளக்கம் வந்தது. அதுவரை வீட்டில் ஒரே புலம்பல். அப்பா வந்தார், பெயரும் வைத்தார். மகளின் பாஸ்போர்ட்டில் முதல் வேலையாக என் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டுவிட்டேன்.

மலைக்கோட்டை:
நான் வேறு காலத்து ஆள். அப்பா கழகக்காரர். நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும் ராமையா அன்பழகனாகவும் மாறியதைப் பார்த்து வளர்ந்தவர். பிள்ளைக்குத் தலைவர்தான் பெயர் வைக்க வேண்டும் என்று பிடிவாதம். அடுத்த பொதுக்கூட்டம் எங்கள் ஊருக்கு வரும்வரை நான் வெறும் 'தம்பி'. மேடையில் கூட்டத்தைப் பார்த்து வீறிட்டேனாம், தலைவர் சொன்ன பெயர் யாருக்கும் சரியாகக் காதில் விழவில்லை. செழியனா, சேரனா என்று வீட்டில் சண்டை. செழியன் பக்கம் ஆள் அதிகம்.

இப்போது என் பேத்திக்கு எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஒரு 'எச்' கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். எங்கே சேர்த்தார்கள் என்று எனக்கு நினைவிருப்பதில்லை. வங்கியில் அவளுக்குக் கணக்குத் தொடங்கப் போனால் மகனுக்குப் போன் போட வேண்டியிருக்கிறது.

ஈரோட்டுக்காரிக்கு ஒன்று: பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை ஓராண்டு வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. பதிவாகிவிட்ட பெயரை மாற்றுவதற்குத்தான் அரசிதழ் வரை போக வேண்டும். இன்னும் பதியவில்லை என்றால் ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டுப் போங்கள். 'ழ' இருக்கிற பெயர் வேறு.

ஈரோட்டுக்காரி:
ஐயா, நேற்றுதான் பதிந்தோம். 'இசட்' போட்டு எழுதியிருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் இப்போதே 'மகிசன்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.