‘ரசிகர் கோட்பாடு’ வேண்டாம், ‘உய்த்துரை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நிகழ்பட ஆட்டமொன்றின் (வீடியோ கேம்) தெளிவுறாத முடிவுக்கு, அதை ஆடியவர்கள் தாமே கட்டியெழுப்பும் விளக்கத்தை (ஆங்கிலத்தில் fan theory) ‘ரசிகர் கோட்பாடு’ எனலாம் என்று கீழக்கரை நண்பர் முன்மொழிந்ததை என்னால் ஏற்க இயலவில்லை. கோட்பாடு என்பது பலவாறு ஆராயப்பட்டு நிலைபெற்ற கருத்தமைப்பு. சார்பியலுக்கு வழங்கும் சொல்லை இதற்கும் வழங்கினால் அச்சொல்லின் எடை குறையும்.

டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2016இல் வெளியிட்ட ‘இன்சைடு’ ஆட்டத்தை வைத்தே பார்ப்போம். உரையாடலே இல்லாத அந்த ஆட்டத்தில், ஆய்வுக்கூடத்துக்குள் நுழையும் சிறுவன் இறுதியில் உடல்கள் பிணைந்த பெருந்திரள் ஒன்றுக்குள் இழுக்கப்பட, அத்திரள் சுவரை உடைத்து வெளியேறி, சரிவில் உருண்டு, நீர்க்கரையில் வெயில் விழும் ஓரிடத்தில் அசைவற்றுக் கிடக்கிறது. சிறுவனைத் தொடக்கமுதல் இயக்கியது அத்திரளே என்பார் சிலர். அக்கரையைப் போன்றதொரு சிறு மாதிரி ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே இருப்பதைச் சுட்டி, தப்பியதும் சோதனையின் பகுதியே என்பார் வேறு சிலர். மறைந்துள்ள மாற்று முடிவில் மின்னிணைப்பைப் பிடுங்கியதும், அவ்வாட்டத்தில் பிறரால் மனம் கட்டுப்படுத்தப்பட்டு இயங்கும் மனிதர்களைப் போலவே சிறுவனும் தளர்ந்து தலைகவிழ்ந்து நின்றுவிடுகிறான். ஆகவே அவனை ஆட்டுவித்தவர் ஆடுபவரே என்னும் விளக்கம்தான் என் உள்ளத்துக்கு நெருக்கமானது.

இவற்றை ‘ஊகம்’ என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் சான்று காட்டுகிறது. ‘கருதுகோள்’ என்பதும் பொருந்தவில்லை. நீரின் நிறத்தையும் பறவைகள் கூடுவதையும் கண்டு மீன் இருக்குமிடத்தை எங்கள் பாம்பன் மீனவர் சொல்வதுதான் கருதுகோள். வலையை இழுத்ததும் மெய் தெரிந்துவிடும். படைத்தவர் வாய்திறவாத முடிவுக்கு அப்படி இழுத்துப் பார்க்க வலை ஏது?

நூல் இயற்றுவதற்கு நன்னூல் என்னும் இலக்கண நூல் கூறும் 32 உத்திகளுள் இறுதியாக நிற்பது ‘உய்த்துணர வைப்பு’. வெளிப்படச் சொல்லாததை, சொன்னவற்றைக் கொண்டு கற்பவரே உணருமாறு விட்டுவைத்தல் என்பது அதன் பொருள். முடிவைத் திறந்துவைக்கும் ஆட்டப் படைப்பாளர் செய்வதும் இதுவே. அங்ஙனம் உய்த்துணர்ந்ததை ஒருவர் பிறர்க்கு எடுத்துரைப்பதால் அதனை ‘உய்த்துரை’ எனலாம். ஒரே பாடலுக்கு வெவ்வேறு உரைகள் அருகருகே வாழும் மரபு நமக்கு இருப்பதால், ஓர் உய்த்துரை மற்றொன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை என்னும் கருத்தும் ‘உரை’ என்ற சொல்லிலேயே அடங்கிவிடுகிறது.

‘உய்த்துணர்வு’ போதாதா என்று தொண்டி நண்பர் கேட்டிருந்தார். அது மனத்துள் நிகழ்வது. இதுவோ எழுதப்பட்டு, மறுக்கப்பட்டு, திருத்தப்படுவது. உய்த்துரைத்தார், உய்த்துரையாளர், உய்த்துரைகள் என்று இச்சொல் தடையின்றி வளர்கிறது. ‘ரசிகர்’ என்ற அடைமொழி தேவையில்லை என்றே கருதுகிறேன். முடிவுவரை ஆடிய எவரும் உய்த்துரைக்கலாம்.

அத்தகைய முடிவையே சுட்ட ‘உய்த்துணர்முடிவு’ என்பது நாவுக்குச் சற்று நீளமாகப்படுகிறது. அதற்குச் சுருங்கிய சொல் தோன்றுவோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.