ஆறு மாதம் தாண்டினால் வராது என்றார்கள்

கும்பகோணத்திலிருந்து:

பக்கவாதம் வந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் நாம் அனுபவம் எழுதும் இந்தப் பகுதியில், பலரும் அது வந்த நாளைத்தான் விரிவாக எழுதுகிறீர்கள். எங்களுக்கு அந்த நாளில் சொல்ல அதிகமில்லை. காலையில் எழுந்த என் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட வரவில்லை, வாய் கோணியிருந்தது, ஆட்டோ பிடித்து ஓடினோம். தூக்கத்திலேயே வந்துவிட்டதால் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியவில்லை. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். நேரம் தெரியாததால் போடவில்லை. எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு போன ஆண்டுகளைப் பற்றித்தான்.

என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அடைப்பு மூளையின் இடப்பக்கத்தில். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது பெரும்பாலும் அவருக்குப் புரியும், பதில்தான் வராது. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் "டிக்கெட்" என்பார். மாத்திரைக்கும் டிக்கெட், எனக்கும் டிக்கெட். சொன்னது தவறு என்று அவருக்கே தெரிந்துவிடும். அந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளிவிடுவார். பார்க்க வந்தவர்களோ காது கேளாதவரிடம் பேசுவதைப் போலக் கத்துவார்கள். சிலர் அவர் எதிரிலேயே என்னிடம், "ஆளைத் தெரிகிறதா இவருக்கு?" என்று விசாரிப்பார்கள்.

புறா ரத்தம் தடவச் சொன்னவர்களை மன்னித்துவிட்டேன். "ஆறு மாதத்துக்குள் வந்ததுதான், அப்புறம் எதுவும் வராது" என்று தீர்ப்புச் சொன்னவர்களை இன்னும் மன்னிக்கவில்லை. அவர்களில் படித்தவர்களும் உண்டு. முதல் சில மாதங்களில் வேகமாகத் தேறும் என்பது உண்மைதான். அதன்பிறகு மெதுவாக வரும், அவ்வளவே. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டுக்கேட்டு அவரே பயிற்சிக்கு வர மறுத்துவிட்டார்.

வழி காட்டியவர் பேச்சுப் பயிற்சி தந்த பெண். "அவரிடம் கேள்வி கேட்காதீர்கள் அம்மா, அவர் போன வழித்தடத்தைத் தொடங்கி மட்டும் வையுங்கள்" என்றார். நான் "கும்பகோணம்" என்றேன். "தாராசுரம், சுந்தரப்பெருமாள்கோயில், பாபநாசம், பண்டாரவாடை, ஐயம்பேட்டை, பசுபதிகோயில், தஞ்சாவூர்" என்று அவர் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தார். என் பெயர் வராத வாய்! ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமைகள், சாமி பாட்டு, வசவு என்று பழகித் தடம் பதிந்தவை பலருக்கு அழியாமல் இருக்குமாம். வசவு அழியவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும்.

பிறகு அந்த வரிசையைப் பிரித்தோம். பாபநாசத்தில் நிறுத்தி, "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்பேன். வெகுநேரம் கழித்து "அக்கா" என்பார். என் பெயர் வந்தது இரண்டாம் ஆண்டில். இப்போது மூன்று நான்கு சொல் சேர்த்துப் பேசுகிறார். தொலைபேசியில் மட்டும் இன்னும் பேச மாட்டார். எதிரே முகம் தெரிய வேண்டும்.

காலுக்குப் பாதம் தொங்காமல் பிளாஸ்டிக் தாங்கி போட்டு நடக்கிறார். விரல்கள் மடங்கியபடியேதான் இருக்கின்றன. எழுப்புகிறேன் என்று விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். வருகிற உறவினர் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

எங்களுக்குள் பெரிய சண்டை பணத்தால் வந்தது. வாழ்நாளெல்லாம் சில்லறை எண்ணியவர். வீட்டுக் கணக்கு நான் பார்க்கத் தொடங்கியதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது பால்காரருக்கும் காய்கறிக்கும் அவர்தான் இடக்கையால் எண்ணிக் கொடுக்கிறார். நேரமாகும். கடைக்காரர் அவசரப்பட்டால் நான் முறைப்பேன்.

மதுரையிலிருந்து:

எங்கள் வீட்டில் நேர்மாறு, அம்மா. என் மனைவிக்கு மூளையின் வலப்பக்கம். பேச்சு தெளிவாக இருப்பதால் அவள் நோயாளி என்று யாரும் நம்புவதில்லை. ஆனால் அவளுக்கு இடப்பக்கம் என்று ஒன்றே இல்லை. கண்ணில் கோளாறு இல்லை, மூளை அந்தப் பக்கத்தைக் கவனிப்பதில்லை. இலையில் வலப்பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் வைக்கவில்லையா?" என்பாள். இலையைத் திருப்பி வைத்தால், "இப்போதுதான் வைத்தீர்களா?" என்பாள். நாளிதழில் இடது ஓரமாகச் சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்து, கோடு தெரியும் வரை கண்ணைக் கொண்டுபோகச் சொன்னார்கள். அது கொஞ்சம் பலித்தது.

சமையல் இப்போது என்னுடையது. வருகிற பெண்கள் என்னைப் பார்த்து "பாவம்" என்கிறார்கள். இத்தனை ஆண்டு அவள் சமைத்தபோது யாரும் பாவம் என்று சொல்லிக் கேட்டதில்லை. ஒரு சந்தேகம்: வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருவார்களாமே, உங்களுக்கு வந்தார்களா?

கும்பகோணத்திலிருந்து:

வந்தார்கள், தம்பி. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ரத்த அழுத்த மாத்திரையும் வீட்டுக்கே தருகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசு மருத்துவர் சான்று வேண்டும். பேச்சு நன்றாக இருப்பதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாமல், இலையில் நடப்பதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

வாசற்படிக்குக் கைப்பிடி வைப்பதாக இருந்தால் இரண்டு பக்கமும் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் ஏறும்போது நல்ல கைக்கு எட்டும், இறங்கும்போது எட்டாது. எங்கள் தச்சர் ஒன்று போதும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.