நீல டிக் விழுந்துது, பார்த்தது ஆர்?

வெள்ளவத்தைக்காரி:
இப்ப கிளினிக்குகள் எல்லாம் வாட்ஸ்அப்பிலதான் சேதி அனுப்பினம். எங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுறன். உங்களுக்கும் இப்பிடி ஏதும் நடந்திருந்தா எழுதுங்கோ.

அம்மாவுக்கு 71 வயது. சீனியும் பிரஷரும். போன ஜூனில ஒரு வெள்ளிக்கிழமை, காலமை குத்தின ரத்தத்தின்ர முடிவு பின்னேரம்தான் கிளினிக்குக்கு வந்திருக்கு. ரத்தத்தில பொட்டாசியம் அளவுக்கு மிஞ்சிக் கூடியிருக்கு. உடன அம்மாவின்ர நம்பருக்கு மெசேஜ் போட்டிருக்கினம்: பிரஷருக்குப் போடுற லொசார்டன் குளிசையை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ, நாளைக்குக் காலமை வந்து திரும்ப ரத்தம் குடுங்கோ எண்டு. 7.10க்கு ரெண்டு டிக்கும் நீலம். அங்க இருந்த பிள்ளை 'அறிவித்தாச்சு' எண்டு கொப்பியில எழுதிப்போட்டு வீட்ட போட்டுது.

7.10க்கு அம்மா மயூரபதி அம்மன் கோயில் பூசையில நிக்கிறா. போன் வீட்டில சார்ஜில கிடக்கு.

மெசேஜைத் திறந்தது ரொறன்ரோவில இருக்கிற அண்ணா. அம்மாவுக்குப் போன் விளங்குதில்லை எண்டு, லீவில வந்து நிக்கேக்க அவவின்ர வாட்ஸ்அப்பைத் தன்ர லாப்டொப்போட இணைச்சு வச்சிட்டுப் போனவர். நல்லெண்ணம்தான். அங்க காலமை 9.40. வேலைக்கு முதல் திறந்திருக்கிறார், 'கிளினிக் மெசேஜ்தானே, அம்மா பார்ப்பா' எண்டு மூடியிருக்கிறார். இணைச்ச கருவியில திறந்தாலும் அனுப்பினவைக்கு நீலம் காட்டும். அம்மாவின்ர போனில புது மெசேஜுக்கு வாற அந்தப் பச்சை வட்டமும் போயிடும். கோயிலால வந்த மனுசி ஒண்டும் வரேல்லை எண்டு நினைச்சு, லொசார்டனைப் போட்டுட்டுப் படுத்திட்டா. சனி, ஞாயிறும் போட்டவா. திங்கள் 'ஏன் வரேல்லை' எண்டு கிளினிக்கில இருந்து எடுக்கத்தான் எங்களுக்கே தெரியும். ரத்தம் எடுத்து, ஈசிஜி எடுத்து, நல்லகாலம், ஒண்டும் ஆகேல்லை.

கதை அதோட முடியேல்லை. அண்ணா இவ்வளவு நாளும் அம்மாவின்ர கிளினிக் மெசேஜ் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அதில அம்மா எங்கள் ரெண்டு பேருக்கும் சொல்லாத விசயம் ஒண்டும் இருந்தது. ஆரில பிழை எண்ட சண்டையில அண்ணா அதை வாய்விட்டுட்டார். அம்மா சத்தம் போடேல்லை. "நான் சொல்லேல்லை எண்டா அதுக்கு ஒரு காரணம் இருக்குந்தானே தம்பி" எண்டு போனை வச்சிட்டா. என்ன விசயம் எண்டு இங்கயும் எழுத மாட்டன்.

தெமட்டகொட நானா:
தங்கச்சி, எனக்கு நடந்தது நேர்மாறு. நான் த்ரீவீல் ஓட்டுற. ஹயர் வார ஆப்புக்காக போன் ஹேண்டலுக்குப் பக்கத்துல ஸ்டேண்டில நிக்கும். பொரளையில ஒரு பெசஞ்சரை ஏத்திக்கிட்டு வாறன், சிக்னல்ல நிக்கக்குள்ள மேல மெசேஜ் ஒண்டு விழுந்திச்சி. எண்ட முழுப் பேரு, என்ன டெஸ்ட், ரிசல்ட் என்ன, எல்லாம் ஒரே வரியில. பின்னால இருந்த மனுசன் எங்கட ஒழுங்கைக்காரர். பார்த்துட்டு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டார். திருப்பினதாலதான் எனக்கு விளங்கிச்சி.

நான் அந்த மெசேஜைத் திறக்கவே இல்லை. மேல வந்து போனதைப் பார்த்ததோட சரி. அதனால அவங்களுக்கு டிக் சாம்பல் நிறத்துலேயே நிண்டிச்சி. மத்த நாள் போன் பண்ணி, "மெசேஜ் பார்க்கல்லையா?" எண்டு கேக்குறாங்க. ஒழுங்கையே பார்த்திட்டு மிஸ், நான் மட்டுந்தான் பாக்கி எண்டு செல்ல வாய் வரைக்கும் வந்திச்சி.

இப்ப செட்டிங்ல போய், மெசேஜ் வந்தா உள்ள என்ன இருக்கு எண்டு மேல காட்டாத மாதிரி வெச்சிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்காரங்க 'எங்களுக்கு ஒரு கோல் எடுங்க' எண்டு மட்டும் போட்டா போதாதா?

கொட்டாஞ்சேனை பாமசி:
நான் நீல டிக்கை நிறுத்திட்டேன். ராத்திரி 11 மணிக்கு மருந்துத்துண்டைப் படம் எடுத்து அனுப்புவாங்க. தூக்கத்தில கை பட்டுத் திறந்திடும், நீலமாயிடும், காலையில கடை திறக்கும் முன்னே ஏச்சு விழும். நிறுத்தினா மத்தவங்க பார்த்தாங்களான்னு நமக்கும் தெரியாது, அது ஒரு நட்டம். குரூப்பிலயும் வொயிஸ் மெசேஜிலயும் நிறுத்த வழியே இல்லை.

இரவு டியூட்டி:
நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள்.

எங்கள் வார்ட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. குரூப்பில் எல்லாரும் பார்த்தால்தான் டிக் நீலமாகும். எப்போதும் யாராவது ஒருவர் லீவில் இருப்பார், ஆகவே எங்கள் குரூப்பில் நீலம் விழுந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஆனால் மெசேஜை அழுத்திப் பிடித்து விபரம் பார்த்தால் யார் எத்தனை மணிக்குப் பார்த்தார் என்று வரும். ஒருமுறை ஒரு நோயாளி விடயத்தில் தாமதமாகிவிட்டது. விசாரணையில் அந்தப் பட்டியலைத்தான் முதலில் நீட்டினார்கள். "மிஸ்ஸி, நீங்கள் 2.14க்குப் பார்த்திருக்கிறீர்கள்." பார்த்தேன்தான். ஒரு கையில் சேலைன் போத்தல், மறுகையில் போன். திறந்தேன், வாசிக்கவில்லை. இதை யார் நம்புவார்?

லாப்பிலிருந்து ஆபத்தான முடிவு போனில் வந்தால் எங்களுக்கு ஒரு பழைய முறை உண்டு. பெயர், இலக்கம், அளவு மூன்றையும் கேட்பவர் திருப்பி வாசித்துச் சொல்ல வேண்டும், நேரத்தோடு கொப்பியில் எழுத வேண்டும். எழுதியவர் கையொப்பம் வைப்பார். வெள்ளவத்தை அக்கா சொன்ன பொட்டாசியம் அந்த வகைதான். அதை மெசேஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனதே பிழை, டிக் எந்த நிறமாக இருந்தால் என்ன?

இன்னொன்று. அதே குரூப்பில் ஒரு புதிய டொக்டர் காயம் ஒன்றின் படத்தை, கட்டில் தலைமாட்டுத் துண்டும் பெயரும் தெரிய, அனுப்பியிருந்தார். என் போன் படங்களைத் தானாகவே கலரியில் சேமிக்கிற மாதிரி இருந்திருக்கிறது. மகள் தன் பிறந்தநாள் படங்களைத் தேடும்போது அது வந்தது. "அம்மா, இந்த அங்கிள் யார்?" என்று பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். அன்றிரவே தானியங்கிச் சேமிப்பை நிறுத்தினேன். இப்போது குரூப்பில் 'எனக்கு எடுங்கள்' என்பதற்கு மேல் நான் எழுதுவதில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலை விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆனால் என்னைத் திருத்தியது சட்டமல்ல, மகள் அந்தப் பெயரை வாசித்த விதம்.

மட்டக்குளி பேத்தி:
எங்க அம்மம்மாவுக்கு மெசேஜ் வரும், சிங்களத்தில. அவங்க சிங்களம் நல்லா பேசுவாங்க, மார்க்கட்ல பேரம் பேசினா யாரும் நிக்க முடியாது. வாசிக்கத்தான் தெரியாது. மெசேஜைத் திறப்பாங்க, அங்கே நீலம் விழும், போனைத் தூக்கிக்கிட்டு அடுத்த வீட்டு அங்கிள்ட்டப் போவாங்க. அங்கிள் நல்ல மனுசர்தான், ஆனா காது மந்தம், சத்தமாத்தான் வாசிப்பார். அம்மம்மாவோட மூல வருத்தம் எங்க லேனுக்கே தெரியும்.

வெள்ளவத்தைக்காரி:
மட்டக்குளித் தங்கச்சி, சிரிக்கக் கூடாது, சிரிச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

இரவு டியூட்டி மிஸ் சொன்னதை வாசிச்சிட்டு நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனன். அம்மாவின்ர போனில இணைச்சிருந்த லாப்டொப்பை முதலே வெட்டியாச்சு, அண்ணாவுக்குச் சொல்லிப்போட்டுத்தான். கிளினிக்கில நான் கேட்டது ரெண்டு விசயம். மெசேஜில முடிவு ஒண்டும் எழுத வேண்டாம். அவசரம் எண்டா எடுத்துக் கதையுங்கோ, சொன்னதை மற்றப் பக்கம் திருப்பிச் சொல்லும் வரைக்கும் 'அறிவித்தாச்சு' எண்டு எழுத வேண்டாம். அந்தப் பிள்ளை மறுக்கேல்லை, கார்ட்டின்ர மூலையில சிவப்புப் பேனையால எழுதினது. எழுதிக்கொண்டே கேட்டுது, "ஆருக்கு எடுக்கிறது?"

நான் என்ர நம்பரைச் சொல்லத் தொடங்கிட்டன். மூண்டு இலக்கம் சொல்லியிருப்பன், அம்மா மேசைக்குக் கீழால என்ர முழங்காலைத் தட்டினா. அந்தப் பிள்ளை அம்மாவைப் பார்த்துது. அம்மா தன்ர நம்பரை ஆறுதலாச் சொன்னா, பிறகு அதைத் திருப்பி வாசிக்கச் சொல்லிக் கேட்டா.