தெலோனே வட்டங்கள்: டேப் ஓரத்தில் பெயிண்ட் கசிகிறது

பெரம்பூர் தூரிகை:
பிரெஞ்சு ஓவியர் ரொபேர் தெலோனேயின் ‘முடிவில்லா ரிதம்’ (1934, லண்டன் டேட் அருங்காட்சியகம்) ஓவியத்தின் அமைப்பைப் பாதி அளவில், 81 × 65 செ.மீ. கான்வாஸில் அக்ரிலிக்கில் போட்டுப் பழகுகிறேன். மாஸ்கிங் டேப் ஒட்டியும் வளைவில் பெயிண்ட் கசிகிறது. அரைவட்டங்கள் அச்சில், அதாவது படத்தின் நடுவே ஓடும் கோட்டில், பொருந்தவில்லை. நல்ல பளிச் நிறங்களாகத்தான் வாங்கினேன், ஆனாலும் படம் செத்துக் கிடக்கிறது.

ரீப்பர்:
முதலில் அச்சு. வட்டங்களின் மையம் எல்லாம் அந்த ஒரே கோட்டில் உட்கார வேண்டும், 2 மி.மீ. விலகினாலும் வளையம் கோட்டைத் தாண்டும் இடத்தில் படிக்கட்டு மாதிரி தெரியும். நூல் அடித்துக் கோடு போடுங்கள். கான்வாஸில் ஆணி வேண்டாம். மையத்தில் சின்ன அட்டைத்துண்டை டபுள் டேப்பால் ஒட்டி, அதில் குண்டூசி. மெல்லிய ரீப்பரில் துளையிட்டுப் பென்சில் செருகினால் காம்பஸ் தயார். கான்வாஸ் தொய்யாமல் அடியில் புத்தகம் வையுங்கள்.

சாதா டேப் வளைவில் சுருங்கும், சுருக்கத்துக்குள் பெயிண்ட் புகும். 3 மி.மீ. ஃபைன்லைன் டேப் வாங்குங்கள். ஒட்டியதும் ஓரத்தில் மேட் மீடியம் (நிறமில்லாத அக்ரிலிக் பூச்சு) ஒரு தடவை, காய்ந்தபின் நிறம். தொட்டால் ஒட்டாத பதத்தில், டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக உரியுங்கள். நம்ம ஊர் வெயிலில் ராத்திரி முழுக்க விட்டால் பசை கான்வாஸிலேயே தங்கிவிடும்.

நிறப்பித்தன்:
எல்லாமே பளிச்சென்றால் எதுவும் பளிச்சென்று தெரியாது. தெலோனே பிடித்துக்கொண்டது, பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவது பற்றி பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-இல் வெளியிட்ட புத்தகத்தை. ஷெவ்ரல் பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவை நடத்தியவர். கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தபோது, சாயத்தில் குறையில்லை, பக்கத்து நிறம்தான் காரணம் என்று கண்டவர். ‘முடிவில்லா ரிதம்’ படத்திலும் கறுப்பும் வெள்ளையும் சும்மா இல்லை. மற்ற நிறங்களைத் தூக்கி நிறுத்துவதே அவைதான்.

போனில் கறுப்பு-வெள்ளையாகப் படம் எடுத்துப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து வளையங்கள் ஒரே சாம்பலாகக் கலந்தால் ஒன்றை இருட்டாக்குங்கள். ஆரஞ்சை வெளுக்க வெள்ளை சேர்த்தால் சுண்ணாம்பு பூத்துவிடும், மஞ்சள் சேருங்கள். அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி இருளும், அதனால் தனித்தாளில் காயவைத்து ஒப்பிட்ட பிறகே பூசுங்கள்.

கோட்டோவியன்:
டேப்பே வேண்டாம் என்பேன். அந்த வறட்டுக் கூர்மை தெலோனேவுக்குப் பொருந்தாது. நீள மயிர் சிந்தெடிக் தூரிகை, 6-ஆம் எண். கான்வாஸைத் திருப்பித் திருப்பி, கை உடம்பை நோக்கி வரும்படி இழுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், பாதிக் கோட்டிலேயே காய்ந்துவிடும். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை இரண்டு பூச்சு கட்டாயம், இல்லையென்றால் திட்டுத்திட்டாக நிற்கும்.

பெரம்பூர் தூரிகை:
ஃபைன்லைன் டேப் ஓவியக் கடையில் இல்லையே?

ரீப்பர்:
அது கார் பெயிண்ட் அடிப்பவர்கள் சாமான். புதுப்பேட்டைப் பக்கம் விசாரியுங்கள்.