புதுப்பிப்பு: அப்பாவுக்குத் திரும்பி வந்த காய்ச்சல்

அப்பாவுக்கு ஃப்ளூ, மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது, ரசம் சாதம் கேட்டார் என்று போன வாரம் எழுதியிருந்தேன். மிச்சக் கதை இது.

ஆறாம் நாள் இரவு காய்ச்சல் திரும்ப வந்தது. 103. போர்வைக்குள் பற்கள் தந்தியடித்தன. காலையில் துப்பிய சளி துரு நிறம். பழைய காய்ச்சலின் மிச்சம்தான் என்று பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருந்தது எங்கள் தப்பு. ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 90-க்கு இறங்கியபோதுதான் ஆட்டோ பிடித்தோம்.

எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி வெள்ளையாகத் தெரிந்தது. நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியா, அதாவது நுரையீரல் தொற்று. வைரஸ் மூச்சுக்குழாயின் உள்சுவரை அரித்துவிட்டுப் போகும். தொண்டையில் சும்மா கிடந்த பாக்டீரியா அந்த வழியாக இறங்கிவிடும் என்றார் டாக்டர். 1918-இல் உலகெங்கும் பரவிய ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி இரண்டாவதாக வந்த பாக்டீரியா நிமோனியா இருந்ததாம். அப்போது பென்சிலினே கிடையாது.

முதல் நாளே ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கலாமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வைரஸிடம் அது பலிக்காது. பார்க்க வேண்டியது, விட்டுவிட்டுத் திரும்பும் காய்ச்சலைத்தான்.

நான்கு நாள் ஊசி. நேற்று வீடு வந்துவிட்டார். படி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. ஆனால் காபியில் சர்க்கரை போதவில்லை என்று சண்டை ஆரம்பித்தாயிற்று. நிமோகாக்கஸ் தடுப்பூசி எப்போது போடலாம் என்று அடுத்த செக்கப்பில் கேட்க வேண்டும்.