ஹாட்ரிக்: மூன்று இருந்தால் போதுமா, அடுத்தடுத்து வர வேண்டுமா?

கல்லிப்பாயிண்ட்: எங்கள் ஊர்ச் செய்தியில், "மூன்றாவது முறை கவுன்சிலராகி ஹாட்ரிக்" என்று போட்டிருக்கிறார்கள். மனிதர் நடுவில் ஒரு தேர்தலில் நின்று தோற்றவர்! அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட், அதுதான் ஹாட்ரிக். நடுவில் ஒரு பந்து வீணானாலும் போச்சு.

சென்டர்ஃபார்வர்டு: அது கிரிக்கெட் கணக்கு சார். கால்பந்தில் ஒரே ஆட்டத்தில் ஒருவர் மூன்று கோல் போட்டாலே ஹாட்ரிக். 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் எம்பாப்பே 80, 81-வது நிமிடங்களில் இரண்டு போட்டார், மூன்றாவது 118-இல். இடையில் எதிரணியின் மெஸ்ஸி ஒன்று போட்டுவிட்டார். அது ஹாட்ரிக் இல்லையா?

கல்லிப்பாயிண்ட்: சொல் எங்கே பிறந்தது என்று பாருங்கள். 1858-இல் ஷெஃபீல்டில் ஹெச்.ஹெச். ஸ்டீபன்சன் மூன்று பந்தில் மூன்று விக்கெட் எடுத்தார். காசு திரட்டி அவருக்குத் தொப்பி, அதாவது 'ஹாட்', வாங்கிக் கொடுத்தார்கள். கால்பந்து பிற்பாடு கடன் வாங்கியது.

சென்டர்ஃபார்வர்டு: கடன் வாங்கியவன் வட்டியோடு வளர்த்துவிட்டான், இனி யார் திருப்பிக் கேட்பது? ஆனால் ஜெர்மானியர்கள் உங்கள் கட்சி. ஒரே பாதியில், நடுவில் வேறு யாரும் கோல் போடாமல், தொடர்ந்து மூன்று வந்தால்தான் அசல் ஹாட்ரிக் என்பார்கள். எம்பாப்பே அங்கே தேற மாட்டார்.

பழைய ஸ்கோர்ஷீட்: தம்பி கல்லி, உங்கள் "அடுத்தடுத்து" எவ்வளவு நீளும் தெரியுமா? 1988, பெர்த் டெஸ்ட். ஆஸ்திரேலியாவின் மெர்வ் ஹியூஸ் ஒரு ஓவரின் கடைசிப் பந்தில் ஆம்புரோஸை எடுத்தார், தன் அடுத்த ஓவரின் முதல் பந்தில் பேட்டர்சனை. வெஸ்ட் இண்டீஸ் இன்னிங்ஸ் முடிந்தது. ஆஸ்திரேலியா ஆடி முடித்துவிட்டு வந்து, இரண்டாவது இன்னிங்ஸின் முதல் பந்திலேயே கிரீனிட்ஜ் எல்பிடபிள்யூ. மூன்று ஓவர், இரண்டு இன்னிங்ஸ். ஆனாலும் ஹாட்ரிக்.

கல்லிப்பாயிண்ட்: அவர் வீசியதில் அடுத்தடுத்த மூன்று பந்துதானே ஐயா? இடைவெளி இருக்கலாம், தவறிய பந்து இருக்கக் கூடாது. எனக்குப் பிடித்தது 1987 உலகக் கோப்பையின் நாக்பூர் ஆட்டம்தான்: நம்ம சேத்தன் சர்மா, மூன்றுமே போல்டு.

பழைய ஸ்கோர்ஷீட்: அப்படியானால் உங்கள் கவுன்சிலர் அந்தத் தேர்தலில் நிற்காமலே இருந்திருந்தால் ஹாட்ரிக். நின்று தோற்றதால் இல்லை. சரியா?

கல்லிப்பாயிண்ட்: அட, அப்படியும் சொல்லலாம்!

அடுப்படி அக்கா: நேற்று என் முதல் மூன்று தோசையும் கருகின. மகன் "ஹாட்ரிக்" என்று கத்தினான்.

கல்லிப்பாயிண்ட்: நடுவில் ஒன்றாவது நன்றாக வந்ததா அக்கா?

அடுப்படி அக்கா: இல்லை.

கல்லிப்பாயிண்ட்: பையன் சொன்னது சரி.