ஒலிவ் கால நெய்ம் என்ஏபி 250: சர்வீஸ் ரசீது இல்லாமல் 1,60,000 ரூபாய் கொடுக்கலாமா?

மந்தாரம்: பிரிட்டிஷ் நிறுவனமான நெய்மின் என்ஏபி 250 ஸ்டீரியோ பவர் ஆம்ப், முகப்பு ஆலிவ் பச்சையில் வந்த காலத்தது; சென்னையில் ஒருவர் விற்கிறார். 1990களின் நடுவில் தயாரானது, 230 வோல்ட். சர்வீஸ் ரசீது இல்லை, அட்டைப்பெட்டியும் இல்லை. "ஹம் (ஸ்பீக்கரில் வரும் 'ம்ம்' இரைச்சல்) துளியும் இல்லை, பாட்டு போட்டுப் பாருங்கள்" என்கிறார். விலை நியாயமா?

கோவை_ஆம்ப்: தாராளமாக வாங்கலாம். ஜப்பானிலிருந்து வரும் 100 வோல்ட் ஆம்ப் என்றால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மருக்குத் தனியாக அழ வேண்டும். இதில் அந்தச் செலவே இல்லை. 1975 முதல் ஓடும் மாடல், திரும்ப விற்றாலும் காசு நிற்கும். ஹம் இல்லை என்றால் கெப்பாசிட்டரும் தாக்குப்பிடிக்கிறது என்றுதானே அர்த்தம்? வயதைக் காட்டி விலையை அடிப்பது சரியில்லை.

டான்டலம்: கோவை சார், அந்தக் கணக்கு மற்ற ஆம்ப்களுக்கு ஓரளவு சரி, 250க்கு உதவாது. இதில் மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டருக்கும் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவே, வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் இருக்கிறது. கெப்பாசிட்டர் காய்ந்து 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (வோல்டேஜில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) இரண்டு மடங்கானாலும் ரெகுலேட்டர் அதை விழுங்கிவிடும், காதுக்கு எட்டாது. சத்தத்தைக் கூட்டி, பேஸ் இழுக்கும்போதுதான் ரிப்பிளின் அடிப்பகுதி ரெகுலேட்டருக்குத் தேவையான வோல்டேஜுக்குக் கீழே போய்க் கரகரக்கும். மதியம் 235 வோல்ட் வரும்போது தெரியாத குறை, இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடி 205க்கு இறங்கும்போது தெரியும்.

ஒவ்வொரு சேனலிலும் ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் மாட்டி, ப்ரீஆம்ப் வழியாக 400 ஹெர்ட்ஸ் டோன் கொடுங்கள். இரண்டு சேனலும் சேர்ந்து ஓடும்போது மீட்டரில் மாறுமின் 23.7 வோல்ட் வந்தால் 70 வாட், அதுதான் இந்த ஆம்ப்பின் முழுத் திறன். அதை எட்டும் முன்பே ஸ்கோப்பில் (அலையைத் திரையில் காட்டும் கருவி) அலையின் உச்சி தட்டையாகி, அந்தத் தட்டை மேலும் கீழும் நெளிந்தால் கெப்பாசிட்டர் போய்விட்டது. 30 வயது ஆம்ப்பில் ரசீது இல்லையென்றால் போய்விட்டது என்று வைத்தே பேசுவேன்.

கோவை_ஆம்ப்: விற்பவர் வீட்டு ஹாலுக்கு ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்? தெருமுனைக் கடையில் கண்ட கெப்பாசிட்டரைப் போட்ட ஆம்ப்பைவிட, கை வைக்காத ஆம்ப்புக்குத்தான் மதிப்பு.

தில்லைநகர்_டெக்: கை வைக்காதது என்பதையும் திறந்து பார்த்துத்தான் நம்ப வேண்டும். உறையைக் கழற்றி டார்ச் அடியுங்கள். பெரிய டிரான்சிஸ்டர்களின் தலையில் என்ஏ என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். ஒரு சேனலில் மட்டும் எம்ஜே15003 போல வேறு எண் இருந்தால் அந்தப் பக்கம் ஒருமுறை எரிந்திருக்கிறது; நான் 30,000க்குக் குறையாமல் கழிப்பேன்.

இன்னொன்று. பழைய நெய்ம் பவர் ஆம்ப்களின் வெளியீட்டில் ஆம்ப்பை நிலையாக வைக்கும் இண்டக்டர் (கம்பிச்சுருள்) கிடையாது, ஸ்பீக்கர் கேபிளே அந்த வேலையைச் செய்கிறது. பக்கத்துக்கு 3.5 மீட்டராவது வேண்டும். கெப்பாசிட்டன்ஸ் அதிகமான பின்னல் கேபிளைப் போட்டிருந்தால் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஆம்ப் தானே அலைந்து சூடாகும். ஸ்பீக்கர் டெர்மினல் பக்கம் போர்டு பழுப்பேறியிருக்கிறதா பாருங்கள். விற்பவரிடம் என்ன கேபிள் என்று மறக்காமல் கேளுங்கள்.

முதலில் மின் இணைப்பில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக (சீரிஸ்) வைத்து, அதன் வழியாக ஆன் செய்யுங்கள். பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, மங்காமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். பிறகு ஸ்பீக்கர் மாட்டாமல் டெர்மினலில் டிசி (நேர்மின்) வோல்டேஜ் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஸ்பீக்கரை மாட்டவே கூடாது, இதில் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பாற்ற ரிலே இல்லை.

டான்டலம்: ஃபில்டர் கெப்பாசிட்டரோடு போர்டில் உள்ள டான்டலம் வகைச் சிறு கெப்பாசிட்டர்களையும் மாற்ற வேண்டும், அவை கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும். பாகம், கூலி இரண்டுக்கும் 40,000 ஒதுக்கி 1,20,000 சொல்லுங்கள்.

கோவை_ஆம்ப்: என்ஏ எண்கள் அப்படியே இருந்து, டிசி 20 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் நான் 1,40,000 வரை போவேன். புது கெப்பாசிட்டர் போட்டபின் இன்னும் பல வருடம் ஓடும். அந்தப் பலன் வாங்குபவருக்குத்தான். முழுச் செலவையும் விற்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

தில்லைநகர்_டெக்: பெட்டி இல்லாததால் கூரியர் வேண்டாம். கீழே விழுந்தால் டிரான்ஸ்பார்மரின் கனத்தில் சேஸிஸே வளையும். நேரில் போய்க் காரில் வைத்து எடுத்து வாருங்கள்.